சென்னை விழுந்தது 10ஆம் தேதியா, 21ஆம் தேதியா?

வாசகர் கேள்வி, ஆகஸ்ட் 18

"ஐயா, 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த நாள் நம் இணையக் களஞ்சியத்தில் ஒரு கட்டுரையில் செப்டம்பர் 10, இன்னொரு கட்டுரையில் செப்டம்பர் 21. இரண்டுக்கும் புத்தகச் சான்று வேறு கொடுத்திருக்கிறீர்கள். ஒரே ஊர் பதினோரு நாளில் ரெண்டு தடவையா விழும்? ஏதாவது ஒன்றைத் தூக்குங்கள். பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள்."

ஆகஸ்ட் 18, இரவு 9.15

பார்த்தேன். கைக்கு எட்டிய ஆங்கிலப் புத்தகங்கள் மூன்றிலும் 10 என்றே இருக்கிறது. 21 என்பது யாரோ கைதவறித் தட்டியது போலிருக்கிறது. 10 என்று மாற்றிவிட்டேன். முடிந்தது.

ஆகஸ்ட் 18, இரவு 11.50

முடியவில்லை. படுத்த பிறகுதான் உறைத்தது. கேள்வியிலேயே விடை இருக்கிறது: பதினோரு நாள். சிவகாசியில் ஒன்பது வருடம் தினசரி காலண்டருக்கு மெய்ப்பு பார்த்தவன் நான். எனக்கு இது முதல் பார்வையிலேயே தெரிந்திருக்க வேண்டும். எழுந்து வந்து மாற்றியதைப் பழையபடி ஆக்கிவிட்டேன். யாரும் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். காலையில் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 19, காலை 7.30

இரண்டும் சரி.

போப் 13ஆம் கிரகோரி 1582இல் நாள்காட்டியைத் திருத்தினார். அக்டோபர் 4 வியாழக்கிழமை முடிந்து விடிந்தால் வெள்ளிக்கிழமை, அக்டோபர் 15. பிரான்சு அதே வருடம் டிசம்பரில் மாறிக்கொண்டது. இங்கிலாந்து, சொன்னவர் போப் என்பதாலேயே, 170 வருடம் மாறாமல் முறுக்கிக்கொண்டு நின்றது. கடைசியில் 1752இல், செப்டம்பர் 2 புதன், மறுநாள் செப்டம்பர் 14 வியாழன் என்று வழிக்கு வந்தது. அதற்கு ஆறு வருடம் முன்னால்தான் நம் சங்கதி நடக்கிறது. கோட்டைக்குள் சரணடைந்த ஆங்கிலேயர் 10 என்று எழுதினார்கள். கடலிலிருந்து பீரங்கியோடு வந்த லா பூர்தொனேயின் ஆட்கள் 21 என்று எழுதினார்கள். ஊர் ஒரு தடவைதான் விழுந்தது.

சந்தேகம் இருப்பவர்கள் கிழமையைப் போட்டுப் பாருங்கள். பழைய கணக்கில் 10 எந்தக் கிழமையோ அதுதான் புதிய கணக்கில் 21: புதன். தேதியில் கை வைத்த போப் கிழமையைத் தொடவில்லை. நாங்கள் மெய்ப்பு பார்க்கும்போதும் முதலில் ஓட்டுவது கிழமையைத்தான். தேதி தப்பாக இருந்தால் அங்கே இடறும்.

ஆகஸ்ட் 19, மதியம்

இதே குடும்பத்தில் இன்னொன்று. அதே வருடம் அடையாற்றங்கரையில் பாரடி என்ற பிரெஞ்சுத் தளபதியின் சின்னப் படை, ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் பெரிய படையை விரட்டிய சண்டை. அதற்கு நம்மிடம் அக்டோபர் 24 ஒரு பக்கம், நவம்பர் 4 ஒரு பக்கம். இங்கே மாதமே மாறிவிடுவதால் யாருக்கும் பதினோரு நாள் வித்தியாசம் கண்ணில் படவில்லை. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

(சென்னையைத் திருப்பித் தர மீட்புத்தொகையாகப் பேசியது பதினோரு லட்சம் வராகன். பதினொன்று அந்த வருடத்தைப் பிடித்து ஆட்டியிருக்கிறது போல.)

ஆகஸ்ட் 20

ஒருவர் கேட்கிறார்: "அப்படியானால் 'இன்றைய நாளில்' பக்கத்தில் எந்த நாளில் போடுவது? ரெண்டிலுமா?"

எல்லாவற்றையும் புதிய கணக்குக்கு மாற்றி ஒரே இடத்தில் போடுவதுதான் ஒழுங்கு என்பது என் கட்சி. செப்டம்பர் 21. கட்டுரையில் அடைப்புக்குறிக்குள் "பழைய கணக்கில் செப்டம்பர் 10". இனி 1752க்கு முந்திய எல்லா ஆங்கிலேயத் தேதிகளுக்கும் இதையே செய்வோம். நானே வரிசையாக மாற்றிக்கொண்டு வருகிறேன்.

ஆகஸ்ட் 22

மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் சென்னை தினம்.

1639 ஆகஸ்ட் 22. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, உள்ளூர் ஆட்சியாளர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் மதராசப்பட்டினத்து மணல் துண்டுக்குக் கௌல் (நில உரிமைப் பத்திரம்) வாங்கிய நாள். ஆங்கிலேயக் கணக்கு, ஆகவே பழைய கணக்கு. பதினேழாம் நூற்றாண்டில் வித்தியாசம் பதினொன்று இல்லை, பத்து. பத்தைக் கூட்டினால் செப்டம்பர் 1. என் விதிப்படி நான் சென்னை தினத்தை செப்டம்பர் 1ஆம் தேதிப் பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஊரே இன்று நடைப்பயணம், கண்காட்சி என்று திரிகிறது. களஞ்சியம் மட்டும் "இன்னும் பத்து நாள் இருக்கிறது, உட்காருங்கள்" என்று சொன்னால் கல்லால் அடிப்பார்கள், அடிக்கவும் வேண்டும்.

இத்தனைக்கும் அந்த 22ஆவது உறுதியா என்றால், அதிலும் தகராறு உண்டு. கௌலின் பிரதியில் ஜூலை 22 என்று இருக்கிறது. டே இங்கே வந்து சேர்ந்ததே ஜூலை 27 வாக்கில் என்பதால், வராத மனிதர் எப்படி வாங்கியிருப்பார், ஆகவே ஆகஸ்ட் என்று வரலாற்றாசிரியர்கள் திருத்திக்கொண்டார்கள். ஆக நாம் கொண்டாடுவது பழைய கணக்கில், ஊகித்துத் திருத்திய ஒரு மாதத்தில் வரும் நாள். 2004லிருந்துதான் இந்தக் கொண்டாட்டமே. எனக்கு அதில் மனக்குறை இல்லை. பேத்தியின் பிறந்தநாளைப் பள்ளி விடுமுறை பார்த்துக் கொண்டாடுகிற ஆள் நான்.

ஆகஸ்ட் 22, மாலை

இன்னொரு பொறி, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய ஆங்கிலக் கணக்கில் புத்தாண்டு ஜனவரி 1 இல்லை, மார்ச் 25. டேயும் அவருடைய மேலாளர் ஆண்ட்ரூ கோகனும் கோட்டை கட்ட ஆட்களோடு வந்து இறங்கியது பிப்ரவரி 20. இன்றைய கணக்கில் 1640. அவர்கள் கணக்கில் இன்னும் 1639 முடியவில்லை. நம் காலவரிசைப் பட்டியலில் யாரோ அதை "1639 பிப்ரவரி" என்றே போட்டு, ஆகஸ்ட் மாதக் கௌலுக்கு மேலே வைத்திருந்தார்கள். இடம் வாங்குவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே கொத்தனாரோடு வந்து நிற்கிறார்கள்! கீழே இறக்கினேன்.

இப்படிப்பட்ட ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளை நல்ல பதிப்பாளர்கள் 1639/40 என்று சாய்கோடு போட்டு எழுதுவார்கள். அந்தக் கோட்டை நீக்காதீர்கள். "எந்த வருடம் என்று தெரியவில்லை போலிருக்கிறது" என்று ஒருவர் குறிப்பெழுதி நீக்கியிருக்கிறார்.

ஆகஸ்ட் 23

கோட்டையைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 1640 ஏப்ரல் 23 என்று ஒரு சாரார், 1644 ஏப்ரல் 23 என்று ஒரு சாரார். புனித ஜார்ஜ் திருநாள் என்பதால் நாளில் யாருக்கும் சண்டை இல்லை, வருடத்தில்தான் சண்டை. கோட்டை என்ன கல்யாண மண்டபமா, ரிப்பன் வெட்டி ஒரே நாளில் திறக்க? கட்டிக்கொண்டே இருந்திருப்பார்கள். எதை "முடிந்தது" என்கிறார்கள் என்று கேட்காமல் வருடத்துக்கு அடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. இரண்டையும் குறிப்போடு வைத்திருக்கிறேன்.

சென்னை மாநகராட்சிக்கும் இதே வியாதி. சாசனத்தின் தேதி 1687 டிசம்பர் 30. மன்றம் உட்கார்ந்தது 1688 செப்டம்பர் 29. நாம் கட்டுரையின் தகவல் பெட்டியில் "தோற்றம்" என்று ஒரே கட்டம் வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒருவர் வந்து ஒன்றை அழித்து மற்றதைப் போடுகிறார். கட்டத்தை இரண்டாக்கினால் போதும்.

ஆகஸ்ட் 24

யாரோ என்னுடைய 20ஆம் தேதிக் குறிப்பை மட்டும் படித்துவிட்டு (22ஐப் படிக்கவில்லை) சேவை செய்யக் கிளம்பிவிட்டார். கிறிஸ்தவப் போதகர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய 1706 ஜூலை 9ஐ, பதினொன்று கூட்டி ஜூலை 20 ஆக்கியிருக்கிறார்.

தம்பி, தரங்கம்பாடி டேனிஷ்காரர்களுடையது. டென்மார்க் 1700லேயே மாறிவிட்டது. பிப்ரவரி 18க்கு அடுத்த நாள் மார்ச் 1. சீகன்பால்கு கரையிறங்கியபோது அவர்கள் ஆறு வருடமாகப் புதிய கணக்கில் இருந்தார்கள். ஜூலை 9 ஜூலை 9தான். அவர் சென்னைக்கு ஒரு நடை போயிருந்தால் கோட்டை வாசலில் தேதி பின்னால் போயிருக்கும், அது வேறு.

இந்தத் தப்புக்கு வேர் என் குறிப்பு. "1752க்கு முந்திய எல்லாம்" என்று எழுதிய வாய்க்கு ஒரு பூட்டு. சோழமண்டலக் கரையில் ஒரே சமயத்தில் டச்சு, டேனிஷ், பிரெஞ்சு, ஆங்கிலக் கொடிகள் பறந்தன. கொடிக்கு ஒரு தேதி. யாருடைய காகிதம் என்று பார்த்துவிட்டுத்தான் கணக்கில் இறங்க வேண்டும்.

ஆகஸ்ட் 27

புதுச்சேரியிலிருந்து ஒருவர்: "ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் பார்த்தால் தீர்ந்தது. அதில் தமிழ்த் தேதியே இருக்கிறதே."

இருக்கிறது. 1736 செப்டம்பரில் தொடங்கிய குறிப்பு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை எல்லாம் வரும். சென்னை விழுந்தது அட்சய வருடம் புரட்டாசி. கிழமையும் சேர்ந்து கிடைப்பதால் ஐரோப்பியத் தேதி எந்தக் கணக்கு என்ற சந்தேகமே எழாது. புதுச்சேரியில் இருந்தவருக்குப் பிரெஞ்சுக் கணக்குதான்.

ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்திருக்கிறேன். தமிழ்த் தேதியை மாற்றும்போது இன்றைய காலண்டரை வைத்துக்கொண்டு "சித்திரை 1 என்றால் ஏப்ரல் 14" என்று எண்ண ஆரம்பித்துவிடுவோம். பிள்ளை காலத்தில் சித்திரை பிறந்தது ஏப்ரல் 9, 10 வாக்கில். நம் வருடம் ஆங்கில வருடத்தைவிடக் கொஞ்சம் நீளம். ஏறக்குறைய எழுபது வருடத்துக்கு ஒரு நாள் வீதம் தள்ளிக்கொண்டே போகும். இன்றைய கணக்கை அன்றைக்குப் பொருத்தினால் நாலைந்து நாள் பிசகும். அந்தப் பிசகை வைத்துக்கொண்டு "பிள்ளை தேதியைத் தவறாக எழுதியிருக்கிறார்" என்று நான் ஒரு பத்தி எழுதினேன், ஐந்து வருடம் முன்னால். அவர் அன்றன்று எழுதியதை இரண்டரை நூற்றாண்டு கழித்து நான் திருத்துகிறேன்! இப்போது தேடி நீக்கிவிட்டேன். பார்த்தவர்கள் மறந்துவிடுங்கள்.

இதற்கென்றே வாழ்நாளைச் செலவழித்த ஒருவர் இருக்கிறார்: எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. அரசுப் பணியில் இருந்தவர், பின்னால் சென்னை சட்டசபைத் தலைவரும் ஆனார். திதி, நட்சத்திரம், கிழமை கொடுத்தால் ஆங்கிலத் தேதி கிடைக்கும்படி பல நூற்றாண்டுகளுக்கு அட்டவணை போட்டு 1922இல் வெளியிட்டார். கணினி கிடையாது, கையால். சிவகாசியில் எங்கள் மேசைக்கு அடியில் அதன் மறுபதிப்பு ஒன்று மேசைக் காலுக்கு முட்டாகக் கிடந்தது. அதன் அருமை தெரிந்து நான் எடுத்தபோது மேசை ஆடியது.

ஆகஸ்ட் 30

அறுபது வருட வட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர்த் தேர்முட்டியில் ஒரு கல். "விரோதி வருஷம் தை மாதம்" என்று போட்டு, உபயம் இன்னார். நான் ஊர்க் கட்டுரைக்கு அதை 1889 என்று எழுதினேன். இரண்டு தப்பு.

முதல் தப்பு சில்லறை. 1889இல் தொடங்கிய விரோதி அடுத்த சித்திரை வரை ஓடும். தை வருவது 1890 ஜனவரியில். தை, மாசி, பங்குனி என்றாலே ஆங்கில வருடத்தில் ஒன்றைக் கூட்ட வேண்டும் என்பது காலண்டர் வேலையில் முதல் வாரப் பாடம் (மார்கழியின் பின்பாதிக்கும் அதே கதி). சொந்த ஊர் என்றதும் பாடம் மறந்துவிட்டது.

இரண்டாவது தப்பு பெரிது. விரோதி மறுபடி வந்தது 1949இல். கல் 1890ஆ, 1950ஆ? எழுத்தைப் பார்த்தால் பழசாகத் தெரிந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் கல்தச்சர்கள் போன தலைமுறை வரை அதே எழுத்தைத்தான் வெட்டினார்கள். கடைசியில் கைகொடுத்தது ஒரு கிரயப் பத்திரம். உபயக்காரர் பெயர் 1936ஆம் வருடப் பத்திரத்தில், தகப்பனார் பெயரோடு, "மைனர்" என்று இருக்கிறது. 1936இல் மைனராக இருந்தவர் 1890இல் தேர்முட்டி கட்டியிருக்க முடியாது. கல் 1950. ஊரில் இதைச் சொன்னபோது அறுபது வருடத்தைக் களவாடியவன் மாதிரி பார்த்தார்கள். இன்னும் சிலர் பேசுவதில்லை.

செப்டம்பர் 3

இன்று ஒரு வெற்று நாள். 1752இல் ஆங்கிலச் சட்டப்படி செப்டம்பர் 3 கிடையாது, 13 வரை எதுவுமே கிடையாது. அந்தத் தேதிகளில் ஆங்கிலேயர் பக்கத்து நிகழ்வு ஏதாவது நம் களஞ்சியத்தில் இருந்தால் சொல்லுங்கள். பிழை என்று பார்க்காமலே அடிக்கலாம். பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த நாட்களும் உண்டு, ஆகவே அடிப்பதற்கு முன் பார்த்துவிட்டே அடியுங்கள்.

செப்டம்பர் 5

"பத்து இணையதளங்களில் ஒரே தேதி இருக்கிறது, நீங்கள் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறீர்கள்?" என்று ஒரு தனிமடல்.

ஏன் என்றால் இதோ. சில வருடம் முன்பு ஒரு நாடகக் கலைஞரின் கட்டுரையில் மறைந்த நாளை 7 என்பதற்குப் பதில் 17 என்று அடித்துவிட்டேன். கைதவறல், வேறு ஒன்றுமில்லை. மூன்று வருடம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு அவருடைய ஊர்க்காரர் ஒருவர் வந்து 7 என்று திருத்தினார். உடனே இன்னொரு பயனர் "சான்று இல்லை" என்று மறுத்து, 17க்கு ஒரு செய்தித்தாள் நினைவஞ்சலியைச் சான்றாக வைத்தார். அந்த அஞ்சலி வெளியான நாளே 17. எழுதியவர் நம்மிடமிருந்து எடுத்திருக்கிறார் என்பது என்னுடைய ஒரு வாக்கியம், காற்புள்ளி உட்பட, அதில் அப்படியே இருந்ததிலிருந்து தெரிந்தது. அதன் பிறகு வந்த தளங்கள் எல்லாம் செய்தித்தாளைக் காட்டின. என் விரல் வழுக்கியதற்குப் பத்து சாட்சி.

குடும்பத்தார் கல்லறைக் கல்லைப் படம் பிடித்து அனுப்பிய பிறகுதான் தீர்ந்தது. பத்து தளத்தைக் காட்டாதீர்கள். அந்தப் பத்துக்கும் முந்திய காகிதம் ஒன்றைக் காட்டுங்கள்.

செப்டம்பர் 11

எதிர்பார்த்தபடியே இன்று பாரதியார் பக்கத்தில் தள்ளுமுள்ளு. 11ஆ, 12ஆ?

அரசு 2021இல், நூறாண்டு நிறைவில், செப்டம்பர் 11ஐ மகாகவி நாள் என்று அறிவித்தது. மாநகராட்சிப் பதிவில் இறந்த நாள் 12. உயிர் பிரிந்தது நடுநிசி தாண்டி ஒன்றரை மணி வாக்கில், திருவல்லிக்கேணி வீட்டில். கடிகாரத்துக்கு அது 12, திங்கட்கிழமை. வீட்டிலிருந்தவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. நம் வழக்கில் நாள் பிறப்பது சூரியன் கிளம்பும்போது. விடியும் வரை முந்தின நாள்தான். பஞ்சாங்கமும் அப்படியே.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. அப்பா இறந்தது அதிகாலை 2.40க்கு. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி "மணி என்ன?" என்பதுதான். அப்போது எரிச்சலாக வந்தது. திதிக்காகக் கேட்டிருக்கிறார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 14 என்று அச்சடித்தார்கள், சான்றிதழில் 15 என்று வந்தது. நான் மெய்ப்பு பார்க்கிறவன், போஸ்டரை நிறுத்தித் திருத்தச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பெரியப்பா "அவன் போனது 14ஆம் தேதி ராத்திரிடா" என்றார். விட்டுவிட்டேன். இன்சூரன்ஸ்காரர்கள் போஸ்டர் கேட்கவில்லை, சான்றிதழ் கேட்டார்கள். வீட்டில் திதி கொடுப்பது பஞ்சாங்கம் பார்த்து. அது இந்த இரண்டு தேதியிலும் வருவதே இல்லை.

பாரதியார் பெட்டியில் "1921 செப்டம்பர் 12 (11 நள்ளிரவுக்குப் பின்)" என்று போட்டிருக்கிறேன். இன்றைய நாள் பக்கம் 11. முரண் என்பவர்கள் மேலே உள்ளதைப் படியுங்கள்.

செப்டம்பர் 12

இதற்கிடையே ஒருவர் "யானை மிதித்து இறந்தார்" என்று சேர்த்திருக்கிறார். யானை தள்ளிவிட்டது சில மாதம் முன்னால். தேறி எழுந்து வேலைக்கும் போனார், கூட்டத்திலும் பேசினார். இறந்தது வயிற்றுக்கடுப்பால். நீக்கியாயிற்று. தேதியில் இத்தனை பேர் காவலிருக்கும்போது யானை எப்படி உள்ளே வந்தது?

செப்டம்பர் 21

கேள்வி கேட்டவருக்காக: இன்று அந்த நாள். பிரெஞ்சுக் கணக்கில்.

ஆனந்தரங்கப் பிள்ளை இறந்த தேதிக்கும் இதே மருந்தைக் கொடுக்க ஒருவர் வந்திருக்கிறார். 1761 ஜனவரி 12 என்றும் 16 என்றும் இரண்டு புழங்குகின்றன. "நான்கு நாள் வித்தியாசம், ஏதாவது நாள்காட்டிக் கணக்காக இருக்குமோ?" இல்லை. 1752க்குப் பிறகு இரு தரப்புக்கும் ஒரே தேதிதான். அங்கே வேறு நோய். ஆங்கிலேயர் புதுச்சேரிக்குள் நுழைந்தது ஜனவரி 16. பிள்ளை அதற்குச் சற்று முன் இறந்தார் என்பதை யாரோ சுருக்க, அவர் ஊரோடு சேர்ந்து விழுந்துவிட்டார். இது என் ஊகம், ஆகவே கட்டுரையில் சேர்க்கவில்லை. ஆனாலும் பெரிய நிகழ்வு ஒன்று பக்கத்தில் இருந்தால் சின்னத் தேதிகள் நகர்ந்துபோய் அதோடு ஒட்டிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் ஒரே நாளில், 1616 ஏப்ரல் 23இல் இறந்தார்கள் என்று ஏப்ரல் தோறும் எழுதுகிறார்கள். ஸ்பெயினில் அந்த 23 வந்து போய்ப் பத்து நாள் கழித்துத்தான் இங்கிலாந்தில் 23 வந்தது. செர்வாண்டிசுக்கு 23 அடக்க நாள், உயிர் போனது முந்தின நாள்.

அக்டோபர் 25

தஞ்சையில் சதய விழா. ராஜராஜன் பக்கத்தில் கூட்டம்.

பெரிய கோயில் விமானத்துக்குச் செப்புக் குடம் கொடுத்தது "யாண்டு இருபத்தைந்தாவது நாள் இருநூற்றெழுபத்தைந்து". ஒருவர் 985 + 25 = 1010 என்று போட்டு முடித்திருக்கிறார். விடை சரி, கணக்கு தப்பு. அரியணை ஏறிய அன்றே முதலாம் ஆண்டு தொடங்கிவிடும். ஆகவே இருபத்தைந்தாம் ஆண்டு என்றால் முடிந்தது இருபத்து நான்குதான். அவர் ஆட்சி தொடங்கியது 985 நடுவில், ஜூன் கடைசிக்கும் ஜூலை கடைசிக்கும் இடையில். 24ஐக் கூட்டினால் 1009 நடு. அதற்கு மேல் 275 நாள் போனால் 1010 வசந்தம். நாள் எண் மட்டும் சின்னதாக, ஐம்பது, அறுபது என்று இருந்திருந்தால் அவர் கணக்கு ஒரு வருடம் தவறியிருக்கும். மற்ற கல்வெட்டுகளுக்கும் இந்தக் கூட்டலையே செய்துகொண்டு போயிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன், செய்திருக்கிறார். பதினேழு இடம். இந்த வாரம் போயிற்று.

நவம்பர் 2

பதினேழில் பதினொன்று தானாகவே சரியாக வந்திருக்கிறது. ஆறு திருத்தம். பதினொன்று விடாது.

டிசம்பர் 23

தனுஷ்கோடிப் புயல். 1964 டிசம்பர் 22ஆ, 23ஆ என்று நேற்றும் இன்றும் ஆளுக்கு ஒரு முறை மாற்றியிருக்கிறார்கள். பாம்பனிலிருந்து கடைசி பாசஞ்சர் புறப்பட்டது 22ஆம் தேதி இரவு 11.55க்கு என்பார்கள். ரயில் கிளம்பியது ஒரு தேதியில், கடலுக்குள் போனது அடுத்த தேதியில். உறவுகளை இழந்தவர்களிடம் கேட்டால் "அந்த ராத்திரி" என்பார்கள். அதற்குக் கட்டத்தில் இடமில்லை, நாம்தான் ஒதுக்க வேண்டும். "டிசம்பர் 22–23 இரவு" என்று போட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாண நூலக எரிப்புக்கும் 1981 மே 31–ஜூன் 1 இரவு என்று ஏற்கெனவே அப்படித்தான் வைத்திருக்கிறோம். அதை எழுதியவர் என்னைவிட முன்னால் இதையெல்லாம் யோசித்திருக்கிறார்.

டிசம்பர் 24

ஆகஸ்டில் கேள்வி கேட்ட வாசகர் வந்திருந்தார். மகள் தேர்வு எழுதிவிட்டாளாம். சென்னை பிடிபட்டது பற்றிக் கேள்வி வந்ததாம். வருடம் மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 26

சுனாமி பக்கத்தில் புதிதாக ஒருவர் "2004 டிசம்பர் 25" என்று மாற்றி, அமெரிக்காவில் வாழும் தன் நினைவைச் சான்றாக வைத்திருக்கிறார். பொய்யில்லை. நிலநடுக்கம் நம் மணி காலை 6.28க்கு. நியூயார்க்கில் அப்போது முந்தின நாள் இரவு 7.58, கிறிஸ்துமஸ் விருந்து நேரம். அவருக்கு அது 25தான். ஆனால் நாகப்பட்டினத்தில் அலை வந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில். பழையபடி 26 ஆக்கினேன், அவருக்குத் தனியாக ஒரு வரி எழுதினேன்.

தனுஷ்கோடியை 22ஆம் தேதிப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். 23இலும் வேண்டும் என்பவர்கள் இங்கேயே எழுதுங்கள். நான் ஜனவரி வரை வர மாட்டேன். பழைய முதலாளி கூப்பிட்டிருக்கிறார், ஆடிப்பெருக்குக்கு வெளிவரும் காலண்டர் ஆல்பத்துக்கு இப்போதே தேதித் தாள் சரிபார்க்க வேண்டுமாம்.